வீட்டு நாய்க்குப் பச்சை இறைச்சியா, பாக்கெட் தீவனமா?

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு நாய் ஒரு பொழுதுபோக்குப் பிராணியன்று. காட்டெருது தோட்டத்துக்குள் இறங்கினாலும், களத்தில் உலரும் காப்பிக் கொட்டையை இரவில் எவரேனும் அணுகினாலும், முதலில் குரல் கொடுப்பது அதுவே. மலையடியில், நூலும் பட்டும் குவித்து வைத்திருக்கும் நெசவாளர் வீடுகளுக்கும் அதுவே காவல். கறவை மாட்டுக்கு என்ன தீவனம், எவ்வளவு என்பதைப் பால் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றன. நாய்க்கோ மிச்சம் மீதி போதும் என்று இருந்துவிட்டோம்.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறி வருகிறது. நாய்க்கு இயற்கை உணவு பச்சை இறைச்சியே என்று ஒரு சாரார் கூறுகின்றனர். கடையில் விற்கும் பாக்கெட் தீவனமே விஞ்ஞான முறைப்படி அமைந்தது என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். சங்கக் கூட்டங்களுக்கு நாம் செல்லும்போது, அலுவல்கள் முடிந்தபின் இக்கேள்வியும் எழுவதுண்டு. இது நாயின் நலம் ஒன்றையே பற்றியதன்று. வீட்டிலுள்ள குழந்தைகளின் நலமும், குடும்ப வரவு செலவும் இதில் அடங்கியுள்ளன. ஆகவே இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொள்கிறோம்.

1. நாய் எத்தகைய பிராணி?

நாய் ஓநாயின் வழிவந்தது. அதன் கோரைப்பற்களும் குறுகிய குடலும் இறைச்சி உண்பதற்கு ஏற்றவை. இதில் ஐயமில்லை. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, அவன் உண்டதை உண்டு வந்ததால் அதன் உடலிலும் மாறுதல் நேர்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் என்னும் நொதியைத் தரும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருந்தன. நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை காணப்பட்டன. வேகவைத்த கேழ்வரகுக் களியையும் சோற்றையும் நாய் நன்றாகச் செரிக்க வல்லது என்பதற்கு இது தக்க சான்று. நம் முன்னோர் களியுருண்டையை நாய்க்கு இட்டது வறுமையின் செயல் மட்டுமன்று; அதன் உடல் ஏற்றுக்கொண்ட உணவே அது.

எனினும் களி மட்டும் போதாது. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய நிலையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கேனும் புரதம் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவு. குட்டிக்கும் சினையுற்ற நாய்க்கும் அது இருபத்திரண்டரைப் பங்கு. கேழ்வரகில் ஏழு பங்கு அளவே புரதம் உண்டு. வெறுங்களியில் வளரும் நாய் எலும்பும் தோலுமாகத் தெரிவதன் காரணம் இதுவே.

2. பச்சை இறைச்சியின் நன்மைகளாகக் கூறப்படுபவை

பச்சை உணவு முறையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். இவருடைய நூல் 1993இல் வெளிவந்தது. இம்முறையைப் பின்பற்றுவோர், நாயின் உரோமம் பளபளக்கிறது, சாணம் குறைகிறது, எலும்பைக் கடிப்பதால் பல்லில் காரை படிவதில்லை என்று கூறுகின்றனர். இவற்றில் ஓரளவு உண்மையுண்டு. கொழுப்பும் புரதமும் மிகுந்த எந்த உணவும் உரோமத்துக்கு மெருகூட்டும்; எளிதில் செரிப்பதால் கழிவும் குறையும். ஆனால் இந்நன்மைகளைப் பெற இறைச்சி பச்சையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வேகவைத்த இறைச்சியும் அதே புரதத்தையே தருகிறது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2002இல் கனடாவில், பச்சைக் கோழியிறைச்சி உணவு பெற்ற நாய்கள் சிலவற்றைச் சோதித்தனர். உணவு மாதிரிகளில் நூற்றுக்கு எண்பதிலும், நாய்களின் மல மாதிரிகளில் நூற்றுக்கு முப்பதிலும் சால்மொனெல்லா கிருமி காணப்பட்டது. சோதித்த நாய்கள் குறைவே. ஆயினும் கவனிக்கத்தக்க செய்தி. நாய்க்கு இக்கிருமியால் நோய் தோன்றாமலிருக்கலாம். ஆனால் அதே முற்றத்தில் தவழும் குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல், நாய்க்கும் பூனைக்கும் பச்சை இறைச்சி இடுவதை ஊக்குவிக்கலாகாது என்று கொள்கை வகுத்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

மற்றொரு குறையும் உண்டு. எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரம் மிகுதி. சுண்ணாம்புச் சத்தோ மிகமிகக் குறைவு. வெறும் இறைச்சியையே உண்டு வளரும் குட்டியின் உடல், தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கால்கள் வளைகின்றன, சிறு குதிப்பிலும் எலும்பு முறிகிறது. செலவு செய்து கறி வாங்கிப் போட்டும் குட்டி நொண்டுவதன் காரணம் பல வேளைகளில் இதுவே.

3. ஆட்டின் ஈரலும் நீர்க்கட்டி நோயும்

இப்பாடத்தில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி இது. மலைக் கிராமங்களில் திருவிழாவின்போதும் வீட்டு விசேஷத்தின்போதும் ஆடு வெட்டினால், மனிதர் உண்ணாத நுரையீரல், குடல், கட்டி விழுந்த ஈரல் ஆகியவற்றை நாய்க்கு எறிவது வழக்கம். செலவில்லாத பச்சை உணவு என்று தோன்றும் இதுவே மிகப் பெரிய செலவுக்குக் காரணமாகலாம்.

நாயின் குடலில் எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு வாழ்கிறது. அதன் நீளம் சில மில்லிமீட்டரே. நாய்க்கு இதனால் தொல்லை பெரிதும் தெரிவதில்லை. புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து, புல்லிலும் ஓடை நீரிலும் கீரைப் பாத்தியிலும், நாயின் உரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. அப்புல்லை மேயும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அம்முட்டை நீர் நிரம்பிய கட்டியாக வளர்கிறது. அக்கட்டியுள்ள உறுப்பைப் பச்சையாக உண்ணும் நாயின் குடலில் மீண்டும் புழுக்கள் தோன்றுகின்றன. இவ்வாறு சக்கரம் சுழல்கிறது.

இச்சக்கரத்தில் ஆட்டின் இடத்தில் மனிதனும் அகப்பட்டுக்கொள்வதுண்டு. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்குள் முட்டை சென்றால், ஈரலில் கட்டி மெல்ல வளரத் தொடங்கும். பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. தெரியும்போது அது பெரிதாக வளர்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தனை துன்பத்தைத் தடுக்கும் வழியோ எளியது. ஆட்டின் உள்ளுறுப்புகளை முப்பது நிமிடம் நன்கு கொதிக்கவைத்தால் கட்டியினுள் இருக்கும் புழுக்கரு அழிந்துவிடும். வேகவைக்க இயலாதபோது நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடவேண்டும். கால்நடை மருந்தகத்தில் காட்டி, மருத்துவர் கூறும் இடைவெளியில் நாய்க்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவேண்டும். கீரையை அலசி ஆய்வதும், உண்ணுமுன் கை கழுவுவதும் நாம் அறிந்தவையே.

4. இரு தீவு நாடுகள் கற்ற பாடம்

இது நடைமுறைக்கு ஒவ்வுமா என்று ஐயுறுவோருக்கு, ஆடு வளர்ப்பையே பெரிதும் நம்பிய இரு நாடுகளின் அனுபவத்தைச் சொல்லலாம். ஐஸ்லாந்துத் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்க்கட்டி நோய் பரவிக் கிடந்தது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராபே என்னும் அறிஞர் அங்கு சென்று, நோயின் வேர் நாயிடம் இருப்பதை ஆராய்ந்தறிந்தார். அவர் எழுதிய எளிய சிறுநூல் 1864இல் அச்சாகி, வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. குடியானவர்கள் அதைப் படித்தனர். நோயுற்ற உறுப்புகளை அழிக்கத் தலைப்பட்டனர். பின்னர் 1890இல் சட்டமும் துணைக்கு வந்தது. நாளடைவில் அந்நோய் அந்நாட்டைவிட்டு நீங்கிற்று.

நியூசிலாந்தில் 1959இல் தனிச் சட்டம் இயற்றி, ஆட்டின் பச்சை உறுப்புகளை நாய்க்கு இடுவதைத் தடுத்தனர். நாய்களின் குடலைச் சுத்தம் செய்து சோதிக்க அங்கு பயன்பட்டது, நம் கொட்டைப்பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் சத்திலிருந்து செய்த மருந்து என்பது நமக்கு வியப்பாக இருக்கும். (இதைக் கேட்டு எவரும் நாய்க்குப் பாக்கை அரைத்துக் கொடுத்துவிட வேண்டா, அளவு தவறினால் அது நஞ்சு. இன்று அதனினும் பாதுகாப்பான பிராசிகுவான்டெல் மருந்து உண்டு.) 2002இல் அந்நாடு நோய் நீங்கிய நிலையை எய்தியதாக அறிவித்தது.

இவ்விரு நாடுகளிலும் சட்டம் வீட்டுக் கொல்லைவரை வந்து காவல் காக்க இயலாது. அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்தாலொழிய ஒரு வீட்டார் மட்டும் செய்து பயனில்லை என்பதை மக்கள் உணர்ந்ததே வெற்றிக்குக் காரணம். கூட்டுறவாளருக்கு இதைவிட நெருங்கிய பாடம் வேறில்லை.

5. பாக்கெட் தீவனம்

நாய்க்கெனத் தனித் தீவனம் செய்து விற்கும் தொழில் லண்டனில் 1860ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் தொடங்கிய நாய் பிஸ்கட்டிலிருந்து பிறந்தது. இன்று நாம் காணும் பொரிபோன்ற உருண்டைகள் 1950களில் அமெரிக்காவில் தோன்றியவை. தானிய மாவு, இறைச்சித் தூள், கொழுப்பு, தாது உப்புகள் ஆகியவற்றைக் கலந்து, நீராவியில் வேகவைத்து, அழுத்தமான குழல் வழியே பிதுக்கி, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்களவுக்கு வரும்வரை உலர்த்துகின்றனர். மேலே கொழுப்பைத் தெளிக்கின்றனர். அந்த மணத்துக்காகவே நாய் ஓடி வருகிறது.

இதன் நன்மைகள் மூன்று. வெந்த உணவாதலால் கிருமியும் புழுவும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. முழு உணவு என்று குறித்த தரமான தீவனத்தில் சுண்ணாம்பு, துத்தநாகம், உயிர்ச்சத்துகள் அளவறிந்து சேர்க்கப்பட்டிருக்கும். சமைக்கும் நேரமும் விறகும் மிச்சம்.

தீமைகளும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குவோர் கண்ணால் காண இயலாது. 2007இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற நாய், பூனை உணவுகளில், புரத அளவை மிகுத்துக்காட்ட மெலமைன் என்னும் இரசாயனம் கலந்த கோதுமைப் பசை சேர்ந்துவிட்டது. பிராணிகள் பல சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2020ஆம் ஆண்டு இறுதியில், பூஞ்சணம் பிடித்த தானியத்திலிருந்து வரும் அப்ளடாக்சின் என்னும் நஞ்சு கலந்த தீவனத்தால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

இந்த நஞ்சு நம் மலையிலும் தோன்றக்கூடியது. பனியும் மழையும் மாறி மாறி வரும் ஏற்காட்டில், வாய் திறந்த மூட்டை சில வாரங்களில் நமுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். நாய்க்கு இந்நஞ்சைத் தாங்கும் ஆற்றல் குறைவு. வேகவைத்தாலும் இது அழிவதில்லை. ஆகவே பூஞ்சணம் பிடித்த தீவனம் மட்டுமன்றி, மட்கிய கேழ்வரகும் கெட்ட கடலைப் பிண்ணாக்கும் நாய்க்கு ஆகா. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்து விற்கும் தீவனத்தை வாங்கலாகாது. தயாரித்த தேதியோ தொகுதி எண்ணோ அதில் தெரியாது.

6. மூன்றாவது வழி: வீட்டில் சமைத்த உணவு

பச்சை இறைச்சியா, பாக்கெட்டா என்று கேட்கும்போது, இடையிலுள்ள எளிய வழியை மறந்துவிடுகிறோம். பதினைந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாட்டு நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கிலோ கலோரி ஆற்றல் தேவை. அதனைப் பின்வருமாறு தரலாம்:

கேழ்வரகு மாவு — 175 கிராம், களியாகக் கிண்டியது.
எலும்பில்லாத கோழியிறைச்சி — 150 கிராம், வேகவைத்தது.
முட்டை — 1, அவித்தது.
பூசணி, காரட், பீன்ஸ் இவற்றில் ஒன்று — ஒரு கைப்பிடி.
சமையல் எண்ணெய் — 1 தேக்கரண்டி.
கழுவி உலர்த்தி மிக நுண்ணிதாகப் பொடித்த முட்டையோடு — அரைத் தேக்கரண்டி.

இதை இரு வேளையாகப் பிரித்து இடவேண்டும். வாரம் ஒருமுறை இறைச்சியில் ஒரு பகுதிக்குப் பதிலாக நன்கு வெந்த ஈரலை இடலாம். உப்பு, மிளகாய் வேண்டா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஆதலால் குழம்புச் சோற்றை இடும் பழக்கத்தை விடவேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். எலும்பை வேகவைத்த சாற்றை ஊற்றி, எலும்பைப் புதைத்துவிடுவதே நன்று.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. அரிசிக்கு அப்பெருமை இல்லை. ஆயினும் வீட்டுணவிலும் குறை உண்டு. 2013இல் கலிபோர்னியாவில் வீட்டுச் சமையலுக்கான இருநூறு நாயுணவுக் குறிப்புகளைச் சோதித்ததில், 190 குறிப்புகளில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. மேற்கண்ட உணவிலும் துத்தநாகமும் சில உயிர்ச்சத்துகளும் போதா. கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை சேர்க்கலாம்; அல்லது ஒரு வேளை களியும் ஒரு வேளை பாக்கெட் தீவனமுமாக இடலாம். அவ்வாறு இடும்போது இரண்டின் அளவையும் பாதியாக்க மறக்கலாகாது. குட்டிக்கும் சினை நாய்க்கும் சத்துகளின் அளவு தவறினால் தீங்கு பெரிது. அக்காலத்தில் வளர்ச்சிப் பருவத்துக்கென்று குறித்த தரமான பாக்கெட் தீவனமே தக்கது.

எந்த உணவுக்கு மாறினாலும் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்தே மாற்றவேண்டும்.

7. கணக்கு

விலைகள் இடத்துக்கிடம் வேறுபடும். ஆகவே உதாரணத்துக்குச் சில விலைகளை வைத்துக்கொண்டு கணக்கிடும் முறையைக் காட்டுகிறோம்; அங்கத்தினர்கள் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தீவனம் கிலோ ரூ. 150, நாளுக்கு 350 கிராம் வேண்டும் என்று பையில் குறித்திருக்கிறது. மற்றொன்று கிலோ ரூ. 240, நாளுக்கு 220 கிராம் போதும். முதலாவதன் நாட்செலவு ரூ. 52.50, இரண்டாவதன் நாட்செலவு ரூ. 52.80. கிலோ விலையில் தொண்ணூறு ரூபாய் வேறுபாடு நாட்செலவில் முப்பது காசாகச் சுருங்கிவிட்டது. மூட்டை விலையைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

பச்சை இறைச்சி முறையினர் நாயின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு இறைச்சி இடச் சொல்கின்றனர். மூன்று பங்கென்றால் நம் நாய்க்கு 450 கிராம், கிலோ ரூ. 200 என்றால் நாட்செலவு ரூ. 90. மேற்கூறிய வீட்டுணவில் மாவுக்கு ரூ. 9, இறைச்சிக்கு ரூ. 30, முட்டைக்கு ரூ. 6, எண்ணெய் காய்கறிக்கு ரூ. 5, ஆக ரூ. 50. விறகும் உழைப்பும் தனி. சொந்தக் கேழ்வரகும் வீட்டுக் கோழியும் உடையோருக்குக் கைச்செலவு பாதிக்கும் கீழே நிற்கும். எல்லாவற்றையும் கடையில் வாங்கும் நெசவாளருக்குப் பாக்கெட்டும் வீட்டுணவும் ஏறக்குறைய ஒன்றே.

ஐம்பது ரூபாய் என்பது ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல். சிறு விவசாயிக்கு இது அற்பத் தொகையன்று. நாய் வளர்க்குமுன் இத்தொகையைக் குடும்ப வரவு செலவுத் திட்டத்தில் எழுதிப் பார்ப்பது நலம். இரண்டாவது நாயைக் கொணருமுன் மீண்டும் எழுதிப் பார்ப்பது இன்னும் நலம்.

8. நம் தொழிலையொட்டிய எச்சரிக்கைகள்

காப்பியில் உள்ள காபீன் நாய்க்கு நஞ்சு. வறுத்த கொட்டை, தூள், வடிகட்டிய சக்கை ஆகிய எதுவும் நாய்க்கு எட்டும்படி வைக்கலாகாது. களத்தில் காயும் கொட்டையைத் தின்னவும் விடலாகாது. தின்ற நாய் அமைதியிழந்து நடுங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் அதன் தோலிலும் நச்சுப்பொருள் உண்டு. வேகாத கிழங்கை இடலாகாது. நெசவாளர் வீடுகளில், கஞ்சி தோய்ந்த நூலை நாய் நக்கி விழுங்கக்கூடும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். நூற்கழிவை மூடியுள்ள கூடையில் இடவேண்டும்.

9. சங்கம் செய்யக்கூடியவை

துணைவிதிகளில் இடமிருந்தால், அங்கத்தினர்களின் தேவையை மாதம் ஒருமுறை பட்டியலிட்டுத் தீவனத்தைக் கூட்டாகக் கொள்முதல் செய்யலாம். விலை மலிவு என்று பெருமூட்டை வாங்கிப் பிரித்துப் பங்கிடலாகாது. ஒரு மாதத்தில் தீரக்கூடிய சிறு பைகளாகவே வாங்கவேண்டும். விற்பனை ரொக்கத்துக்கே நடைபெறட்டும்; நாய்த் தீவனம் கடன் கணக்கில் ஏறுவது சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் அழகன்று. திருவிழா நாளில் ஆட்டுக் கழிவைப் புதைக்கப் பொதுக் குழி ஒன்று வெட்டுவதும், கால்நடை மருத்துவரை அழைத்து ஊர் நாய்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்தும் வெறிநாய்த் தடுப்பூசியும் கொடுக்கச் செய்வதும் பெருஞ்செலவில்லாத பணிகள்.

முடிவாகக் கூறுவது இது: பச்சை இறைச்சியைத் தவிர்ப்போம், ஆட்டின் பச்சை உறுப்புகளை அறவே விலக்குவோம். வளர்ந்த நாய்க்கு வெந்த வீட்டுணவோ, தரமான பாக்கெட் தீவனமோ, இரண்டும் கலந்தோ, அவரவர் வசதிக்கேற்ப இடலாம். குட்டிக்கும் சினை நாய்க்கும் பாக்கெட் தீவனம் மேல்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் ஆடு வெட்டும்போது உள்ளுறுப்புகள் எங்கே செல்கின்றன? அவற்றைப் புதைக்கும் பொறுப்பை யார் ஏற்பது?
2. உங்கள் வீட்டு நாயின் எடை என்ன? அதன் நாட்செலவை மேற்கண்ட முறையில் கணக்கிடுக.
3. நாயின் குடற்புழு நீக்கத்தை ஒரு வீட்டார் மட்டும் செய்தால் ஏன் முழுப் பயன் கிட்டாது?
4. நம் சங்கத்தின் துணைவிதிகள் தீவனக் கொள்முதலுக்கு இடந்தருகின்றனவா?